துபாஷியின் தவணை

வீடு மாற்றுவது எவ்வளவு சங்கடமான காரியம் என்பதை அனுபவப்பட்டவர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அம்மிக்கல்லைத் தூக்க ஆள் தேட வேண்டும். பரணில் கிடப்பவற்றைக் கீழே இறக்கிவிட்டாலோ, எதை எறிவது, எதை வைத்துக்கொள்வது என்று பெரிய வழக்கே நடக்கும். கம்ப்யூட்டர்களின் உலகத்திலும் அபூர்வமாக இப்படி ஒரு வீடு மாற்றம் நடப்பதுண்டு. மேஜைக் கம்ப்யூட்டரை ஆள்கிற இயங்குதளமானது ஒரு வகைப் பிராஸஸரை விட்டு, முற்றும் வேறான மற்றொரு வகைப் பிராஸஸருக்குக் குடிபோவதைத்தான் சொல்கிறோம். அமெரிக்காவில் காலிபோர்னியாவிலுள்ள ஆப்பிள் கம்பெனியார், தங்கள் மக்கின்டாஷ் யந்திரங்களுக்கு இதை மூன்று முறை செய்திருக்கிறார்கள். 1994-இல் மோட்டோரோலா 68000 வரிசையிலிருந்து பவர்பிசிக்கு. 2006-இல் பவர்பிசியிலிருந்து இன்டெலுக்கு. 2020-இல் இன்டெலிலிருந்து தாங்களே வடிவமைத்த எம்1 என்னும் பிராஸஸருக்கு.

இதில் என்ன கஷ்டம் என்று வாசகர்கள் கேட்கலாம். பிராஸஸரைக் கம்ப்யூட்டரின் மூளை என்று வர்ணிப்பது வழக்கம். நம் அபிப்பிராயத்தில், ஒரே ஒரு பாஷை மட்டும் தெரிந்த, ஆனால் அசுர வேகத்தில் வேலை செய்கிற குமாஸ்தா என்று சொல்வதே பொருந்தும். இன்டெல் குமாஸ்தாவின் பாஷையில் ஒரு கட்டளை ஒரு பைட்டிலும் அடங்கும். பதினைந்து பைட்டு வரையிலும் நீளும். எம்1 பேசுவதோ ஆர்ம் என்னும் பாஷை. இதில் ஒவ்வொரு கட்டளையும் மிகச் சரியாக நான்கே பைட்டு. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்து ஏகார்ன் என்னும் சிறிய கம்பெனியில் பிறந்து, 1985-இல் முதல் சில்லாக உருப்பெற்ற பாஷை இது. குறைந்த மின்சாரத்தில் வேலை நடத்தும் குணத்தினால், பிற்காலத்தில் உலகத்தாரின் சட்டைப்பைகளிலுள்ள டெலிபோன்களில் எல்லாம் குடியேறிவிட்டது. அந்தச் சிக்கனக்காரக் குமாஸ்தாவை மேஜைக்கு அழைத்ததுதான் 2020-ஆம் ஆண்டின் விசேஷம்.

இயங்குதளம் குடிபோவது அவ்வளவு பெரிய காரியமன்று என்றால் ஆச்சரியப்பட வேண்டாம். அதன் மூலம் கம்பெனியாரின் கையில் இருக்கிறது. புதிய பாஷைக்கு ஏற்ப மறுபடியும் ஆக்கிக்கொள்ளலாம். தவிரவும், மாக் ஓஎஸ் எக்ஸ் என்ற அந்த இயங்குதளம் நெக்ஸ்ட் என்னும் கம்பெனியின் வழிவந்தது. அதன் முன்னோர் பலவகைப் பிராஸஸர்களிலும் வாழ்ந்து பழகியவர்கள். ஊரறியப் பவர்பிசியில் ஓடிக்கொண்டிருந்தபோதே, ஐந்து வருஷ காலம் அதன் ஒவ்வொரு பதிப்பையும் இன்டெலுக்கும் இரகசியமாகத் தயாரித்து வந்தார்கள் என்ற விஷயத்தை, 2005 ஜூனில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையிலேயே போட்டு உடைத்தார். பெண் பார்க்கப் போகுமுன்பே நகையைச் செய்து பெட்டியில் பூட்டி வைத்த கதைதான்!

கஷ்டமெல்லாம் மற்றவர்கள் எழுதிய புரோகிராம்களில் இருக்கிறது. கணக்கு எழுதுவதற்கும், படம் வரைவதற்கும், சங்கீதம் பதிவதற்கும் ஜனங்கள் விலை கொடுத்து வாங்கிய ஆயிரக்கணக்கான புரோகிராம்கள் பழைய பாஷையில் இருக்கின்றன. புதிய குமாஸ்தாவுக்கு அவற்றில் ஓர் எழுத்தும் புரியாது. ஆகவே ஒரு துபாஷி வேண்டியிருக்கிறது. 2006-இல் வந்த துபாஷிக்கு ரோஸட்டா என்று பெயர் வைத்தார்கள். எகிப்து தேசத்தில் 1799-இல் அகப்பட்டு, சித்திர எழுத்தின் மர்மத்தை அவிழ்க்க உதவிய கல்லின் பெயர் அது. 2020-இல் வந்தவர் இரண்டாம் ரோஸட்டா.

இந்த இரண்டாமவரின் சாமர்த்தியத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஒருவர் பேசப் பேச ஒவ்வொரு வாக்கியமாக மொழிபெயர்த்துக்கொண்டு நிற்பவரல்லர் அவர். புரோகிராம் வந்து சேர்ந்ததும், அல்லது முதன்முதலில் அதைத் திறக்கும்போது, முழுவதையும் பெயர்த்து எழுதி வைத்துக்கொள்கிறார். ஓடும்போதே புதிதாகக் கட்டளைகளைப் பிறப்பிக்கும் புரோகிராம்களுக்கு மட்டும் கூடவே நின்று மொழிபெயர்க்கிறார்.

ஆனால் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் மட்டும் போதாது. ஒரு கடையில் இரண்டு கணக்கர்கள் ஒரே பேரேட்டைப் பார்த்து வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் கணக்கர் சரக்கு வந்ததை எழுதிவிட்டு, பிறகு ‘சரக்கு வந்தாயிற்று’ என்று அடையாளம் இடுகிறார். இன்டெல் கடையில், இரண்டாமவருக்கு இவை எழுதப்பட்ட வரிசையிலேயே கண்ணில் படும். ஆர்ம் கடையிலோ, விசேஷமாகக் கட்டளையிட்டாலன்றி அந்த உத்தரவாதம் இல்லை. அடையாளம் முதலில் தெரிந்து, சரக்கு பின்னால் தெரியலாம். இன்டெல் வழக்கத்தை நம்பி எழுதிய புரோகிராம் இங்கே வந்தால், நூறு முறை சரியாக நடந்து நூற்றோராவது முறை தப்புக் கணக்குக் காட்டும். எப்போதும் தப்பு செய்பவனைத் திருத்திவிடலாம்; எப்போதோ ஒருமுறை செய்பவனைப் பிடிப்பதுதான் பிராண சங்கடம். ஒவ்வொரு வரிக்கும் துபாஷியே காவல் நின்றால் வேகம் குன்றிவிடும். ஆப்பிள் கம்பெனியார் என்ன செய்தார்கள்? பிராஸஸரை வடிவமைப்பவர்கள் தாங்களே அல்லவா? துபாஷியின் புரோகிராம் ஓடும்போது மட்டும் இன்டெலின் வரிசை முறையைக் கடைப்பிடிக்கும்படி சில்லுக்குள்ளேயே ஓர் ஏற்பாட்டைச் செய்துவிட்டார்கள். இதனால், பழைய பாஷைப் புரோகிராம்கள் சில, சொந்த வீட்டில் ஓடியதைக் காட்டிலும் வேகமாகவே புது வீட்டில் ஓடின.

இவ்வளவு கெட்டிக்காரத் துபாஷிக்கும் உத்தியோகம் நிரந்தரமல்ல என்பதுதான் நம் மனத்தை உறுத்துகிறது. முதல் ரோஸட்டா 2006-இல் வேலைக்கு வந்தார். 2011-இல் லயன் என்னும் பதிப்பு வெளியானபோது ஆள் இல்லை. ஆப்பிள் கம்பெனியாரே விற்றுவந்த ஆப்பிள்வொர்க்ஸ் என்ற புரோகிராம் அன்றோடு வாயடைத்துப் போயிற்று. அதிலே கடிதங்களும் வரவு செலவுகளும் எழுதி வைத்திருந்த குடும்பத்தார், பழைய யந்திரத்தைக் கட்டிக்காக்க வேண்டியதாயிற்று. இல்லாவிட்டால் எல்லாவற்றையும் வேறு வடிவத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

கம்பெனியார் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. துபாஷி இருக்கும் வரையில் புரோகிராம் எழுதுவோர் புதிய பாஷையைக் கற்கச் சோம்புவார்கள். இரண்டு பாஷைக்கும் சம்பளம் கொடுத்துக்கொண்டிருப்பதும் வீண் செலவு. ஆனால் எழுதியவர் காலமாகிவிட்டால்? எழுதிய கம்பெனி மூடப்பட்டு, மூலம் எங்கே போயிற்று என்றே தெரியாவிட்டால்? அந்தப் புரோகிராமைப் புதிய பாஷையில் யார் எழுதித் தருவது? காசு கொடுத்து வாங்கியவர் கையில் இருப்பது பெயர்ப்புக்கு உதவாத பிரதி மட்டுமே. அவருக்குத் தவணையை நிர்ணயிக்கும் உரிமை சிறிதும் இல்லை என்பது சரியான ஏற்பாடாக நமக்குத் தோன்றவில்லை.

இரண்டாம் ரோஸட்டாவுக்கும் 2025 ஜூனில் நாள் குறித்துவிட்டார்கள். டாஹோ என்னும் 26-ஆம் பதிப்பே இன்டெல் யந்திரங்களுக்குக் கடைசிப் பதிப்பு என்றும், துபாஷி 27-ஆம் பதிப்பு வரையில் முழு உத்தியோகத்தில் இருப்பார் என்றும் அறிவிப்பு வந்தது. அதற்கப்பால், பராமரிப்பாரற்ற சில பழைய விளையாட்டுகளுக்காக மட்டும் அவரில் ஒரு பகுதியை வைத்துக்கொள்ளப் போகிறார்களாம். விளையாட்டுக்கு இரங்கியவர்கள், வீட்டுக் கணக்குக்கு ஏன் இரங்கவில்லை என்று கேட்டால் யார் பதில் சொல்வார்களோ! மக்கின்டாஷ் வைத்திருக்கும் நேயர்கள், தங்கள் புரோகிராம்களில் எவை இன்னும் துபாஷியின் தயவில் ஓடுகின்றன என்று இப்போதே பார்த்து வைப்பது நல்லது. பைண்டரில் புரோகிராமைத் தேர்ந்தெடுத்து அதன் விவரத்தைத் திறந்தால், ‘இன்டெல்’ என்ற ஒரு வார்த்தை அதைச் சொல்லிவிடும்.