அரசு வேண்டும், யாருடைய அரசு?



'அரசு தொழில் நடத்தக் கூடாது, வங்கி நடத்தக் கூடாது, எல்லாத்தையும் சந்தை பாத்துக்கும்.' 1991-லிருந்து நம் காதில் ஓதப்படும் மந்திரம் இது. மறுத்துப் பேசுகிற நண்பர்களோ, அரசின் கையில் இருந்தாலே போதும், வளர்ச்சி எல்லோர் வீட்டுக்கும் வந்துவிடும் என்கிறார்கள். சேரியிலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டுமே அரைப்பேச்சு. இரண்டு தரப்பும் தங்களுக்குச் சாட்சியாக இழுத்து வருகிற நாடு தென் கொரியா. அந்தச் சாட்சியை நாமும் ஒருமுறை குறுக்கு விசாரணை செய்து பார்ப்போம்.

மூலப்பொருளை விற்று இயந்திரம் வாங்குகிற நாடு காலத்துக்கும் ஏமாறும், அதே இயந்திரத்துக்கு வருடா வருடம் கூடுதல் மூட்டை கொடுத்துக்கொண்டே இருக்கும். அர்ஜென்டினாவின் ராவுல் பிரெபிஷ் 1950 வாக்கில் முன்வைத்த மையம் - விளிம்பு வாதத்தின் சாரம் இதுதான். விளிம்பு நாட்டில் அரசு தலையிடாமல் தொழில் வளராது என்பது அதிலிருந்து வந்த முடிவு. கொரியா அப்படிப்பட்ட விளிம்புதான். 1910 முதல் 1945 வரை ஜப்பானின் காலனி. அங்கு விளைந்த அரிசி கப்பலேறிப் போனது. 1950-53 போரில் மிச்சமிருந்ததும் சாம்பலானது. அங்கிருந்துதான் எஃகும் கப்பலும் மின்னணுப் பொருளும் செய்கிற நாடாக அது எழுந்தது. 'சந்தையின் அதிசயம்' என்கிறார்கள். அது சந்தை செய்த வேலை இல்லை. ஆனால் அரசு செய்தது என்று சொல்லி அத்தோடு நிறுத்துவதும் சரியில்லை. அரசு முதலில் எதைச் செய்தது என்று கேட்க வேண்டும்.

முதலில் நிலத்தில் கை வைத்தது.

1945-ல் கொரிய உழவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலமில்லை. விளைச்சலில் பாதியை வாரமாக அளந்தார்கள். 1946-ல் வடக்கே நிலம் பிடுங்கப்பட்டு இலவசமாகப் பங்கிடப்பட்டது. அந்தச் செய்தி தெற்கே பரவாமல் இருக்குமா? தெற்கின் ஆட்சியாளர்கள் மனம் திருந்தி எதையும் செய்யவில்லை, பயந்துபோய்ச் செய்தார்கள். 1949-ல் இயற்றி 1950-ல் திருத்திய சட்டத்தின்படி, ஒரு குடும்பத்துக்கு உச்சவரம்பு சுமார் 3 ஹெக்டேர், நம் கணக்கில் ஏழரை ஏக்கர். உழுதவன் ஒரு வருட விளைச்சலில் ஒன்றரை மடங்கை ஐந்து வருடத்தில் கட்டினால் நிலம் அவனுக்கு. நிலவுடைமையாளனுக்குக் கிடைத்தது கடன் பத்திரம். போர்க்காலப் பணவீக்கத்தில் அந்தப் பத்திரம் வெறும் காகிதமானது. அரசின் கையைப் பிடித்து இழுக்கிற நிலவுடைமை வர்க்கம் அங்கே முதுகு முறிந்துபோனது. முதல் விவசாய அமைச்சராக இருந்து இந்தச் சட்டத்துக்கு வித்திட்டவர் ஜோ போங் ஆம், முன்னாள் கம்யூனிஸ்ட். 1959-ல் உளவாளி என்று சொல்லி அவரைத் தூக்கிலிட்டார்கள். 2011-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர் குற்றமற்றவர் என்றது.

நம் தோழர்கள் பலரும் அறியாத ஒரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். கொரியாவிலும் தீண்டப்படாதவர்கள் இருந்தார்கள். பெக்ஜோங் என்று பெயர். மாடறுப்பதும் தோல் வேலையும் கூடை முடைவதும் அவர்கள் தொழில். ஊருக்குப் புறத்தேதான் குடியிருப்பு. 1894-ல் சட்டம் அவர்களை விடுவித்தது, ஊர் விடுவிக்கவில்லை. 1923-ல் ஜின்ஜு நகரத்தில் அவர்கள் கட்டிய இயக்கத்தின் பெயர் ஹ்யோங்பியோங்சா. தராசு போலச் சமம் என்ற பொருள் அந்தப் பெயரில் இருக்கிறது. கறி நிறுக்கிற தராசையே சமத்துவத்தின் சின்னமாக்கினார்கள். போரும் இடப்பெயர்வும் நிலச் சீர்திருத்தமும் சேர்ந்து பழைய கிராமத்தைக் குலைத்த பிறகுதான் அந்த இழிவு மங்கத் தொடங்கியது. கிராமத்தை அப்படியே வைத்துக்கொண்டு சாதியை ஒழிக்கலாம் என்பவர்கள் இதை யோசிக்கட்டும்.

அடுத்து, வங்கி. 1961 மே 16-ல் ராணுவக் கவிழ்ப்பு மூலம் வந்த பார்க் சுங் ஹீ, பெருமுதலாளிகளைப் பிடித்து உள்ளே போட்டார். அவர்களிடமிருந்த வங்கிப் பங்குகளை அரசு எடுத்துக்கொண்டது. பிறகு அவர்களையே வெளியே விட்டு, தொழிற்சாலை கட்டு என்றது. அறுபதுகளின் பிற்பகுதியில் சாதாரணக் கடனுக்கு 26 சதவீதம் வட்டி, ஏற்றுமதிக் கடனுக்கு 6, 7 சதவீதம்தான். ஏற்றுமதி இலக்கை எட்டாதவன் அடுத்த கடனுக்குக் காத்துக் கிடக்க வேண்டியதுதான். உருக்காலை லாபம் தராது என்று 1969-ல் உலக வங்கி கைவிரித்தது. ஜப்பானிடமிருந்து வந்த இழப்பீட்டுப் பணத்தைப் போட்டு போஹாங்கில் ஆலை எழுந்தது. 1973-ல் அங்கே எஃகு வார்த்தார்கள்.

நமக்கும் அரசு வங்கி வந்தது. 1969 ஜூலை 19-ல் 14 வங்கிகள் தேசியமயம். 1972-ல் பரம ஏழைகளுக்கு 4 சதவீத வட்டியில் கடன் திட்டம். மொத்தக் கடனில் 1 சதவீதம் இதற்கு, அதில் 40 சதவீதம் தலித், பழங்குடி மக்களுக்கு என்று விதி. பிணை கேட்கக் கூடாது என்றும் விதி. வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து பிழைக்கிறவன் நான். கறவை மாட்டுக் கடன் கேட்டு ஒரு அக்கா வந்தார். 'பட்டா இருக்காம்மா?' என்றார் மேலாளர். 'பட்டா இருந்தா நான் ஏன் சார் இங்க வந்து நிக்கிறேன்?' என்றார் அக்கா. விண்ணப்பம் திரும்பிப் போனது. திருப்பிக் கொடுத்த கை என் கைதான். வங்கி தேசியமானது, நிலம் மட்டும் ஊர்த்தெருவிலேயே இருந்துவிட்டது. நிலத்தைத் தொடாத அரசின் வங்கி, நிலம் வைத்திருப்பவனிடம்தான் போய்ச் சேரும்.

சரி, கொரியாதான் நம் முன்மாதிரியா? இல்லை தோழர்களே. சாட்சியின் மறுபக்கத்தையும் கேளுங்கள்.

சியோல் நகரத்தின் அமைதிச் சந்தையில் தையல் கூடங்கள். நிமிர்ந்து நிற்க முடியாத பரண்களில், பதின்வயதுப் பிள்ளைகள் நாளைக்கு 14 மணி நேரம் குனிந்து தைத்தார்கள். பஞ்சுத் தூசியில் நுரையீரல் போனது. துணி வெட்டும் தொழிலாளி ஜியோன் தே இல், தன் பஸ் காசில் அந்தப் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்து போனவர். 1953-லேயே தொழிலாளர் சட்டம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியவந்தது. வாங்கிப் படித்தார். கடுமையான மொழி, புரியவில்லை. விளக்கிச் சொல்ல ஒரு கல்லூரி நண்பன் இல்லையே என்று ஏங்கினார். அதிகாரிகளிடம் மனு மேல் மனு போட்டார். 1970 நவம்பர் 13 அன்று அந்தச் சட்டத்தோடு தன்னையும் எரித்துக்கொண்டார். வயது 22. முதலாளியை ஆட்டி வைக்கத் தெரிந்த அரசுக்குத் தன் சொந்தச் சட்டத்தை அந்தச் சந்தைக்குள் கொண்டுபோகத் தெரியவில்லை. தெரியாமலா? மலிவான கூலிதானே அதன் ஏற்றுமதி! அவருடைய அம்மா லீ சோ சன் அதன்பிறகு சாகும்வரை தொழிலாளர்களோடு நின்றார். மாணவர்களும் வந்தார்கள், அவர் இறந்த பிறகு.

1987-ல் மாணவரும் தொழிலாளரும் தெருவுக்கு வந்தபின்தான் சர்வாதிகாரம் இறங்கியது. 1997-ல் பெருங்குழுமங்கள் வாங்கிக் குவித்த கடன் வெடித்து சர்வதேச நிதியம் நுழைந்தபோது, லட்சக்கணக்கான சாதாரண ஜனங்கள் தங்கள் மோதிரத்தைக் கழற்றி நாட்டுக்குக் கொடுத்தார்கள். 1998-ல் அவர்களுக்குக் கிடைத்தது ஆட்குறைப்புச் சட்டம்.

ஆக, அரசு தலையிட்டால் விளிம்பு நாடு வளரும். அந்த அரசைக் கேள்வி கேட்கிற சக்தி கீழே திரளாவிட்டால், கீழே இருப்பவன் உடம்புதான் அந்த வளர்ச்சிக்கு உரம். இதை முன்கூட்டியே கண்டவர் அண்ணல் அம்பேத்கர். 1947-ல் 'அரசுகளும் சிறுபான்மையினரும்' அறிக்கையில் நிலமும் அடிப்படைத் தொழிலும் காப்பீடும் அரசுடைமை என்றார். நிலத்தைச் சாதி பார்க்காமல் கூட்டுப் பண்ணைக்கு விடச் சொன்னார். வருகிற போகிற பெரும்பான்மை மாற்றிவிட முடியாதபடி இதை அரசியல் சட்டத்திலேயே எழுதச் சொன்னார். எழுதவில்லை. நமக்குக் கிடைத்தது 1961-ன் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் உச்சவரம்பு, 1970-ல் 15, அதிலும் ஆயிரம் ஓட்டை. கூலி உயர்த்திக் கேட்டதற்கு 1968-ல் வெண்மணியில் 44 உயிர். பஞ்சமி நிலம் கேட்டதற்கு 1994-ல் காரணையில் துப்பாக்கிச் சூடு, இரண்டு உயிர். இங்கே அரசு தலையிடவில்லை என்று யார் சொன்னது?

அந்த அமைதிச் சந்தை ரொம்ப தூரத்தில் இல்லை. 2023 ஏப்ரலில் தமிழக சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் திருத்தம் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்து எழுந்ததால் திரும்பப் பெறப்பட்டது. 'வளர்ச்சி' என்று யார் வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: நிலம் யாருக்கு? கடன் யாருக்கு? எத்தனை மணி நேரம் யாருடைய உடம்பு?

கடைசியாக, இதைப் படிக்கிற மாணவத் தோழர்களுக்கு: நம் சேரியிலும் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, புரியாமல், ஒரு கல்லூரி நண்பனைத் தேடுகிற ஒருவர் இருக்கிறார். நான் திருப்பி அனுப்பிய அந்த அக்காவுக்கும் அந்த விதி தெரியாது. நானும் அன்று சொல்லவில்லை. அவர்கள் எரிந்த பிறகு போய் நிற்க வேண்டாம். இப்போதே போவோம்.