நாற்பதா, எண்பதா?

மயிலாப்பூரிலிருந்து தி.நகருக்கு ஆட்டோவில் போய்த் திரும்ப 300 ரூபாய் போதுமா? நீங்களே சொல்லுங்கள். மத்திய அரசின் ஓய்வூதியத் திட்டத்தில் ஒரு மாற்றுத்திறனாளிக்கு மாதம் முழுக்க தில்லி தருவதே அவ்வளவுதான்! 2012-ல் 200-ஐ 300 ஆக்கியதோடு சரி.

அதையும் சும்மா தரமாட்டார்கள். 2016-ம் வருடச் சட்டம் 40 சதவிகிதம் ஊனம் இருந்தாலே சலுகைக்குத் தகுதி என்கிறது. ஓய்வூதியத்துக்கோ 80 வேண்டுமாம். வறுமைக்கோட்டுக்குக் கீழேயும் இருக்கணுமாம். டாக்டர் 79 என்று எழுதிவிட்டால் அம்போ. அந்த ஒரு சதவிகிதத்தில் மனுஷன் எழுந்து ஓடிவிடுவானா?

தமிழக அரசு 2023-ல் தன் பங்கையும் சேர்த்து 1,500 ஆக்கியது. தில்லி அசையவில்லை. சட்டத்துக்கு ஒரு படி, கஜானாவுக்கு ஒரு படி என்று அளப்பதை முதலில் நிறுத்துங்கள். 40 என்றால் எல்லாவற்றுக்கும் 40!