மின்சாரத்துக்கு ஸ்நானம்

சங்கீதப் பெட்டிக்குப் பாயும் மின்சாரத்தைச் சுத்தி செய்வதற்கென்றே, லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட கருவிகளும் கேபிள்களும் இந்நாளில் விற்பனைக்கு வருகின்றன. அவற்றைப் பூட்டினால் தம்பூரின் நாதமே தெளிந்துவிடுமாம்!

இவ்விஷயத்தில் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தைக் கவனிப்பது நலம். அங்கே ஸாம்ஸங் ஆலை 2007 முதலும், ரெனோ-நிஸ்ஸான் கூட்டாகத் தொடங்கிய மோட்டார் ஆலை 2010 முதலும் நடந்து வருகின்றன. வோல்ட்டேஜ் ஒரு கணம் தாழ்ந்தாலும் இத்தகைய ஆலைகளில் யந்திரங்கள் நின்றுவிடக்கூடும். ஆகையால் மின்சாரத்தை அளந்து, குறையைக் கண்ட பிறகே பரிகாரம் தேடுவது தொழில் முறை.

வீட்டுக்கு வருவது 230 வோல்ட் மின்சாரம். நல்ல ஆம்ப்ளிபயர் அதைத் தன்னுள்ளேயே நேர்மின்சாரமாக்கி, மின்தேக்கிகளால் நிரவிய பின்பே பாட்டுக்கு வழங்குகிறது. பல மைல் கம்பியில் வந்த மின்சாரம் கடைசி ஆறடிக் கேபிளில் ஞானம் பெற்றுவிடுமா?

வோல்ட்டேஜ் ஏறி இறங்கும் ஊரில் ஸ்டெபிலைஸர் அவசியமே. ஆனால் அது பெட்டியைக் காக்கும்; பாட்டை மெருகேற்றாது.

பொய் விளம்பரத்துக்கு முதல் தடவையே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க, 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது. எனினும், எந்தக் கருவி பூட்டியிருக்கிறது என்று அறியாமல் மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்ப்பதே சிறந்த பாதுகாப்பு. ஆலையில் உள்ள அளவுகோல் வீட்டுக்கும் வரட்டும் என்பதே நமது கோரிக்கை.