இரண்டாவது நகல் ஸ்பேர் டயர் அல்ல



சென்ற மாதம் படிவம் ஐந்து உயிரியல் வகுப்பில், வரிக்குதிரை மீனுக்குப் பல மரபணுக்கள் இரட்டையாக இருக்கின்றன என்று பேச்சுவாக்கில் சொன்னேன். உடனே ஒரு மாணவி கேட்டார்: “அப்படியென்றால் ஒன்று கெட்டாலும் மற்றொன்று காப்பாற்றிவிடுமா, டீச்சர்?” “ஆமாம், காரில் இருக்கும் ஸ்பேர் டயர் மாதிரி” என்றேன். மணி அடித்தது, வகுப்பும் முடிந்தது. வீட்டில் யோசித்துப் பார்த்தபோது, நான் சொன்னது பெரும்பாலும் தவறு என்று உறைத்தது. அந்த மாணவிக்குத் தர வேண்டிய பதிலை உங்கள் எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என நாம் பெறும் சோடியைப் பற்றி நான் பேசவில்லை. இது வேறு. 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, இன்றைய எலும்பு மீன்களில் பெரும்பாலானவற்றின் மூதாதை ஒன்றில் மரபணுத் தொகுதி முழுவதுமே இரட்டித்தது. அதன்பின் பெரும்பாலான மரபணுக்களில் ஒரு நகல் அழிந்துபோனது. சிலவற்றில் மட்டும் இரண்டும் நிலைத்தன. அவை ஏன் நிலைத்தன என்பதுதான் கேள்வி.

விடைக்கு ஓர் ஒட்டுக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பா தேநீரும் ஆற்றுவார், ரொட்டி சானாயும் வீசுவார். இரண்டு மகன்களும் இரண்டு வேலையையும் கற்கிறார்கள். நாளடைவில் அண்ணனுக்கு ரொட்டி வீசும் கை மறந்துபோகிறது. தம்பிக்குத் தேநீர் ஆற்றும் பக்குவம் மறந்துபோகிறது. இப்போது யார் விடுப்பு எடுத்தாலும் கடையில் பாதி வியாபாரம் நின்றுவிடும். இருவருமே கடைக்குக் கட்டாயம் வேண்டும். மரபணு நகல்களும் இப்படி வேலையைப் பிரித்துக்கொண்டு நிலைக்கலாம் என்று 1999-இல் ஃபோர்ஸ், லிஞ்ச், போசில்த்வைட் முதலான அறிவியலாளர்கள் விளக்கினார்கள்.

இதற்கு நல்ல சான்று காதில் இருக்கிறது. உட்காதில் நுண்மயிர்களைக் கொண்ட உயிரணுக்கள் உள்ளன. ஒரு மயிரின் நுனியை அடுத்த மயிரோடு மெல்லிய இழை ஒன்று இணைக்கிறது. ஒலியால் மயிர்கள் சாயும்போது அந்த இழை இழுபட்டு, உயிரணுவின் வாயில் திறக்கிறது; மின்சமிக்ஞை பிறக்கிறது. இழையின் ஒரு பகுதி புரோட்டோகாட்ஹெரின் 15 என்ற புரதத்தால் ஆனது. மனிதர்களிடம் இதற்கான மரபணு ஒன்றுதான். அது பழுதானால் வரும் நோய்க்கு அஷர் நோய்த்தொகுதி என்று பெயர். குழந்தை பிறக்கும்போதே காது கேட்காது. உடல் சமநிலையும் குறைவு. பிறகு, உங்கள் வயதை எட்டுவதற்குள், இருட்டில் பார்வை மங்கத் தொடங்கும். ஒரே பழுது காதையும் கண்ணையும் தாக்குகிறது.

வரிக்குதிரை மீனிலோ அந்த மரபணு இரண்டு. 2005-இல் வெளியான ஓர் ஆய்வு இரண்டையும் தனித்தனியே சோதித்தது. ‘ஏ’ நகல் பழுதான மீன்களுக்கு ஒலி கேட்கவில்லை. சமநிலை தவறி வட்டமடித்து நீந்தின. அதனால் அவற்றுக்கு ‘ஆர்பிட்டர்’, அதாவது சுற்றி வருபவை, என்று பெயர். ‘பி’ நகலின் செயலைக் குறைத்தபோது, விழித்திரையில் ஒளியை உணரும் உயிரணுக்களின் அமைப்பு குலைந்தது. ஒரு நகல் காதுக்கு, மற்றொன்று கண்ணுக்கு. ஒன்று கெட்டபோது மற்றொன்று ஓடி வந்து காப்பாற்றவில்லை.

“மீன் நம்மிலிருந்து மாறுபட்டது, அதை ஆராய்ந்து நமக்கு என்ன பயன்?” என்று கேட்பவர்கள் உண்டு. இந்த மாறுபாடுதான் பயன் என்பது என் கருத்து. நம்மிடம் பின்னிக் கிடக்கும் இரண்டு வேலைகளை மீன் பிரித்து வைத்திருக்கிறது. கேட்கும் திறனுள்ள மீனில் கண்ணை மட்டும் தனியாக ஆராயலாம். அதன் கருவோ கண்ணாடி போன்றது. ஒரே நாளில் காதுப் பை உருவாவதை நுண்ணோக்கியில் பார்த்துவிடலாம். 2013-இல் வெளியான மரபணு வரைபடத்தின்படி, மனித மரபணுக்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு இந்த மீனில் இணை உண்டு.

என் ஸ்பேர் டயர் உவமையில் சிறிது உண்மையும் இருக்கிறது. குருத்தெலும்பு உருவாக உதவும் சாக்ஸ்9 மரபணுவின் இரண்டு நகல்களும் சில வேலைகளைப் பங்கிட்டுக்கொள்கின்றன. சிலவற்றைச் சேர்ந்தே செய்கின்றன. இரண்டும் இல்லாதபோது, ஒன்று மட்டும் இல்லாததைவிடப் பாதிப்பு கடுமையாகிறது. ஆகவே ஒரு நகலை நீக்கிவிட்டு, “மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை, இந்த மரபணு தேவையற்றது” என்று முடிவு கட்டுவதும் தவறே.

மாணவர்களே, “இது எதற்கான மரபணு?” என்று கேட்டு ஒரு சொல்லில் விடை எழுதப் பழகிவிட்டோம். அப்படிப் பழக்கியதில் ஆசிரியர்களாகிய எங்களுக்கும் பங்குண்டு. இனி கூடவே மூன்று கேள்விகள் கேளுங்கள்: அது எந்த உறுப்பில் வேலை செய்கிறது? எப்போது? அதன் இணை எங்கே இருக்கிறது? அடுத்த வாரம் அதே வகுப்பில் என் பதிலைத் திருத்திச் சொல்லப் போகிறேன். கேள்வி கேட்ட மாணவிக்கு நன்றியும் சொல்வேன்.