ஏற்காட்டில் ஒரு கல்லறையைத் தேடி

சேலத்தில் மோட்டார் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏற்காட்டில் இறங்குகிறீர்கள். அப்புறம் என்ன செய்வீர்கள்? ஏரியில் படகு விடுவீர்கள். லேடீஸ் ஸீட்டில் உட்கார்ந்து கீழே தெரியும் சேலத்து விளக்குகளைப் பார்ப்பீர்கள். சேர்வராயன் கோயிலுக்குப் போய்க் குகையில் இருக்கும் சுவாமியைக் கும்பிட்டுவிட்டு, திரும்பும்போது காப்பிக்கொட்டையும் மிளகும் வாங்கிக்கொள்வீர்கள். "இங்கே கல்லறைத் தோட்டம் எங்கே இருக்கிறது?" என்று மட்டும் கேட்க மாட்டீர்கள். கேட்டால் கூட வந்திருக்கும் மாமியார் சும்மா விடுவாரா?

ஆனால் அதையே கேட்டுக்கொண்டு வருகிறவர்களும் உண்டு, நேயர்களே. சீமையிலிருந்து வருகிறவர்கள். கையில் ஒரு பெயர், ஒரு வருஷம், ஒரு பட்டாளத்தின் நம்பர். பாட்டனோ முப்பாட்டனோ மதராஸ் ராஜதானியில் எங்கேயோ இறந்துபோனாராம். எந்த மண்ணில் இருக்கிறார் என்று பார்த்து, ஒரு பூவை வைத்துவிட்டுப் போக வேண்டுமாம். நாம் அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிறோம். அவர்கள் கல்லைத் தேடுகிறார்கள்.

ஏற்காட்டில் கல்லுக்குப் பஞ்சமில்லை. 1853-ல் கட்டிய ஹோலி டிரினிடி மாதா கோயில் இருக்கிறது. கலெக்டர் காக்பர்ன் துரை சேர்வராயன் மலையில் காப்பி பயிரிட ஆரம்பித்து வைத்த பிறகு, தோட்டக்காரத் துரைமார்களும், பாதிரிமார்களும், பென்ஷன் வாங்கியவர்களும் இங்கே வந்து குடியேறினார்கள். பலர் இங்கேயே கண்ணை மூடினார்கள். அவர்களில் நமக்கு வேண்டியவர் ஒருவர் உண்டு. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கினாரே, பீட்டர் பெர்சிவல் பாதிரியார், அவர் 1882-ல் காலமானது ஏற்காட்டில்தான். அவருடைய மாப்பிள்ளை ராபர்ட் புரூஸ் பூட். 1863-ல் பல்லாவரத்தில் ஆதி மனிதனின் கற்கருவியைக் கண்டெடுத்த அதே பூட் துரை. ஓய்வு பெற்று ஏற்காட்டில் வசித்த அவர் 1912 டிசம்பரில் கல்கத்தாவில் இறந்தார். உடலைத் தகனம் செய்தார்கள். அந்தக் காலத்து வெள்ளைக்காரருக்கு அது அபூர்வம். அஸ்தியை அத்தனை தூரம் கொண்டுவந்து ஏற்காட்டு மாதா கோயிலில் சேர்த்தார்கள்.

சாதாரணச் சிப்பாய்க்கு அந்தப் பாக்கியம் ஏது? ஏற்காடு பட்டாள ஊரும் அல்ல. பட்டாளத்துக்கு நீலகிரியில் வெலிங்டன் இருந்தது. காலராவிலும் விஷ ஜுரத்திலும் இறந்த சிப்பாயை, நம் ஊர் வெயிலுக்குப் பயந்து அன்றைக்கோ மறுநாளோ புதைத்துவிடுவார்கள். அதிகாரியானால் கல் நடுவார்கள். சிப்பாய்க்கு, கூட இருந்தவர்கள் காசு போட்டால் உண்டு. இல்லையேல் ஒரு மண்மேடு, இரண்டு மழைக்காலம் தாங்கும்.

கல் இல்லாவிட்டாலும் காகிதம் இருக்கிறது. புதைத்த பாதிரியார் இறந்தவரின் பெயர், வயது, பட்டாளம், தேதி எல்லாவற்றையும் பதிவுப் புத்தகத்தில் எழுதி, நகல் ஒன்றை மேலே அனுப்ப வேண்டும். அந்த நகல்கள் கப்பலேறி லண்டன் போய்ச் சேர்ந்தன. இன்றைக்கு அவை பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கின்றன. ஆகவே ஏற்காட்டில் படுத்திருப்பவரைத் தேடுகிறவர் முதலில் போக வேண்டிய இடம் ஏற்காடு அல்ல, லண்டன்! கல்லே இருந்தால் ஜே. ஜே. காட்டன் என்ற சிவில் சர்விஸ் அதிகாரி உதவுவார். ராஜதானியிலுள்ள கல்லறை வாசகங்களைத் திரட்டி 1905-ல் புத்தகமாகப் போட்டார். அதற்குப் பிறகு பெயர்ந்து போன கற்கள் எத்தனையோ; வாசகம் மட்டும் அந்தப் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. இந்தக் கல்லறைகளைக் கவனிப்பதற்கென்றே 1976-ல் தியான் வில்கின்ஸன் என்பவர் இங்கிலாந்தில் ஒரு சங்கமும் ஆரம்பித்தார்.

சிப்பாயின் மனைவியைத் தேடுவதுதான் மகா கஷ்டம். புருஷன் இறந்தால் சில மாதங்களுக்கு மேல் அவளுக்குப் பட்டாளத்தில் சாப்பாடு கிடையாது. கப்பலேற வேண்டும், இல்லையேல் இன்னொரு சிப்பாயைக் கட்டிக்கொள்ள வேண்டும். கைக்குழந்தையோடு மறுபடி கல்யாணம் செய்துகொண்டவர்கள் பலர். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் பெயர் மாறும். கல்யாணப் பதிவுகளை வரிசையாகப் பிடித்துக்கொண்டு போனால்தான் அவள் கல்லறைக்குப் போய்ச் சேரலாம்.

1914-ல் மகாயுத்தம் வந்த பிறகு வழக்கம் மாறியது. யுத்தக் கல்லறைகளுக்காக 1917-ல் ஒரு கமிஷன் ஏற்பட்டது. தளபதியானாலும் சிப்பாயானாலும் ஒரே அளவில் கல் என்று தீர்மானித்தார்கள். சென்னையில் பரங்கிமலைக்கு அருகே, நந்தம்பாக்கத்தில், 1952-ல் அமைத்த யுத்தக் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பச்சைப் புல்லும் பூச்செடியுமாக, நம் பூங்காக்களுக்கே பொறாமையாக இருக்கும். இரண்டாவது யுத்தத்தில் இறந்தவர்களைப் பல ஊர்களிலிருந்து எடுத்துவந்து அங்கே சேர்த்தார்கள். அங்கேயே முதல் யுத்தத்துக்கும் ஒரு ஞாபகச் சின்னம் இருக்கிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பெயர்கள். தேடி வருகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். பெயர் இருக்கிறதே, ஆளும் இங்கேதான் என்று நினைத்துவிடுகிறார்கள். இல்லை. நிரந்தரமாகப் பராமரிக்க முடியாத எங்கெங்கோ உள்ள கல்லறைகளில் உடல். இங்கே பெயர் மட்டும்.

பெயராவது இருக்கிறதே என்று தோன்றுகிறது, நேயர்களே. அதே யுத்தத்துக்கு நம் வீட்டுப் பிள்ளைகளும் போனார்களே? திருச்சி காந்தி மார்க்கெட்டில் காய்கறி வாங்கப் போகிறவர்கள் அங்குள்ள மணிக்கூண்டைக் கொஞ்சம் நின்று பாருங்கள். திருச்சியிலிருந்து 302 பேர் யுத்தத்துக்குப் போனார்கள், 41 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று பொறித்திருக்கிறது. யார் அந்த 41 பேர்? பெயர் கிடையாது. மெஸொபொடேமியாவில், இன்றைய இராக்கில், பாஸ்ரா ஞாபகச் சின்னத்திலும் இதே கதை. இந்திய அதிகாரிகளின் பெயரைப் பொறித்தவர்கள், சிப்பாய்களுக்குப் பட்டாளவாரியாக எண்ணிக்கை போட்டதோடு நிறுத்திக்கொண்டார்கள். ஒரே அளவு கல் என்ற நியாயம் சூயஸ் கால்வாய்க்கு இந்தப் பக்கம் வரவில்லை போலிருக்கிறது! 2021-ல் அந்தக் கமிஷனே விசாரணை நடத்தி, இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் முதலானோரில் குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயர் பொறிக்காமலோ, ஞாபகச் சின்னமே இல்லாமலோ விட்டதாகக் கண்டு மன்னிப்பும் கேட்டுக்கொண்டது.

ஆகையால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். 'பாட்டனார் பஸராவுக்குப் போனார், திரும்பவில்லை' என்று உங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டா? மதராஸ் ஸாப்பர்ஸ் பட்டாளத்தில் அங்கே போன தமிழர்கள் அநேகம். பழைய டிரங்குப் பெட்டியின் அடியில் பாருங்கள். வெள்ளிப் பதக்கம் ஏதாவது கிடைத்தால், குத்துவிளக்குக்கு மெருகு போடுவதுபோல் தேய்த்துவிடாதீர்கள். பாத்திரக்காரனிடம் எடைக்கும் போட்டுவிடாதீர்கள். முகத்தில் இருக்கும் ராஜாவை விட்டுவிட்டு, விளிம்பைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். நம்பர், பெயர், பட்டாளம் மூன்றும் சிறிய எழுத்தில் வெட்டியிருக்கும். அதைக் காகிதத்தில் குறித்துக்கொண்டு, இறந்த வருஷம் பற்றி வீட்டிலுள்ள மூத்த அத்தையிடம் கேட்டுச் சேர்த்து, கமிஷனுக்கு ஒரு கடிதம் எழுதிப் போடுங்கள்.