பழகியது கொசுவன்று

"கொசுவுக்கு மருந்து பழகிவிட்டது." சென்னை முதல் தென் அந்தமானின் வண்டூர் வரை, தமிழ் பேசும் வீடுகளில் புழங்கும் தொடர் இது. இலக்கணப்படி பிழையற்றது; அறிவியற்படி பிழையானது.

பழகுதல் என்பது ஓர் உயிர் தன் வாழ்நாளுக்குள் பெறும் மாற்றம். காரத்துக்குப் பழகிய தந்தையின் நாக்கு பிள்ளைக்குப் பிறப்பிலேயே வாய்ப்பதில்லை. கொசுவின் கதை வேறு. டி.டி.டி.யும் பைரித்ராய்டுகளும் அதன் நரம்பணுக்களில் உள்ள சோடியம் வாயிலைத் தாக்குகின்றன. அவ்வாயிற்புரதத்தின் 1014ஆம் இடத்தில் லியூசினுக்கு மாறாக ஃபினைல்அலனின் அமைந்துவிட்டால் மருந்தின் பிடி தளர்கிறது. இந்தியாவின் அனாபிலிஸ் கொசுக்களிலும் இம்மாற்றம் கண்டறியப்பட்டுள்ளது. இதை மருந்து உண்டாக்குவதில்லை. தற்செயலாகத் தோன்றியதை மருந்து தேர்ந்தெடுக்கிறது. மற்றவை மடிய, இவை முட்டையிடுகின்றன. மாறியது தனிக்கொசுவன்று, கொசுக்கூட்டம்.

சொல்லில் நேர்ந்த பிழை செயலுக்கும் பரவுகிறது. பழக்கம் என்றால் சிறிது காலம் நிறுத்தினால் விட்டுப்போகும் என்று மனம் எண்ணும். மரபணு அவ்வளவு எளிதில் விட்டுப்போவதில்லை. அருகிப் போனாலும், அதே மருந்து திரும்பும்போது விரைந்து பெருகும். மேலும், இது பெரும்பாலும் ஒடுங்கு பண்பு. தாய், தந்தை இருவருள் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்ற கொசு முழு அளவு மருந்தில் மடியும். நீர்த்த மருந்திலோ பிழைத்து, அடுத்த தலைமுறைக்குக் கடத்தும். அரைகுறைத் தெளிப்பு சிக்கனமன்று, விதைப்பு.

இந்நாடு இதற்குக் கொடுத்த விலை சிறிதன்று. 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 1965இல் ஏறத்தாழ ஒரு இலட்சமாகக் குறைந்திருந்த நோயாளர் எண்ணிக்கை 1976இல் 64 இலட்சத்தைத் தாண்டியது. காரணங்கள் பல, மருந்தை வென்ற கொசுக்கூட்டம் அவற்றுள் ஒன்று.

அந்தமானின் முதன்மை மலேரியாக் கடத்தி அனாபிலிஸ் சண்டைக்கஸ், உவர்நீரில் முட்டையிடுவது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் தென் அந்தமானின் தாழ்ந்த வயல்களில் கடல்நீர் தேங்கியது. அதற்கு வாழிடம் விரிந்தது. இத்தகைய தீவுகளில் தெளிப்புக்கு முன் உள்ளூர்க் கொசுவைச் சோதித்தலும், வெவ்வேறு வழியில் செயற்படும் மருந்துகளைச் சுழற்சியில் பயன்படுத்தலும் கட்டாயமாக வேண்டும். சுழற்சி முறையை உலகச் சுகாதார நிறுவனம் 2012இலேயே வலியுறுத்தியது.

பாடநூல்களும் விழிப்புணர்வுத் தாள்களும் தம் பங்குக்கு ஒரு தொடரைத் திருத்தலாம்: "மருந்துக்குத் தப்பியவற்றின் வழித்தோன்றல்கள் பெருகிவிட்டன." சற்று நீளந்தான், ஆனால் செய்ய வேண்டியது என்னவென்பது அதனுள்ளேயே இருக்கிறது.