கெட்டில்பெல்: முதல்ல எத்தனை கிலோ வாங்கணும்? '16 கிலோ' கணக்கு எல்லாருக்கும் செட் ஆகுமா?

சிந்தாதிரிப்பேட்டையில் ட்ரெட்மில் வாங்குவது பெரிய விஷயமில்லை. வாங்கி எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. 1734-ல் ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில் நெசவாளர்களுக்காக உருவான பேட்டை இது. 'சின்னத் தறிப் பேட்டை' என்பதுதான் சிந்தாதிரிப்பேட்டை ஆனது என்று சொல்வார்கள். தறிகள் போய்விட்டன, சந்துகளும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளும் அப்படியேதான் இருக்கின்றன.

இந்த மாதிரி வீட்டுக்குக் கச்சிதமாகப் பொருந்துவது கெட்டில்பெல். ஒரு இரும்புக் குண்டு, மேலே ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். சென்ட்ரலைத் தாண்டி பெரியமேடு போனால், நேரு ஸ்டேடியத்தைச் சுற்றியிருக்கும் விளையாட்டுப் பொருள் கடைகளில் விசாரிக்கலாம். ஆனால் கடைக்குப் போகும் முன்பே அட்வைஸ் வந்துவிடும்: "ஆம்பளையா? 16 கிலோ வாங்கு. பொம்பளையா? 8 கிலோ போதும்."

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? நம்ம உடம்புக்கு இது சரியா?

தானியம் நிறுத்த எடைக்கல்

ரஷ்யாவில் இதன் பெயர் 'கிர்யா'. சந்தையில் தானியம் நிறுக்கப் பயன்பட்ட எடைக்கல் இது. அங்கே பழைய அளவு 'பூட்'. ஒரு பூட் என்றால் சுமார் 16.38 கிலோ. அதனால்தான் இன்றும் கெட்டில்பெல் 16, 24, 32 என்ற படிகளில் பேசப்படுகிறது: ஒரு பூட், ஒன்றரை பூட், இரண்டு பூட்.

அதாவது 16 என்பது மருத்துவர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சொன்ன எண் அல்ல. மூட்டை நிறுக்க வசதியாக இருந்த எண்.

மேற்கு நாடுகளில் இதைப் பிரபலமாக்கியவர், சோவியத் யூனியனில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பாவெல் சட்சூலின். சராசரி பலமுள்ள ஆணுக்கு 16 கிலோ, பெண்ணுக்கு 8 கிலோ என்று ஆரம்ப எடை சொன்னவரும் அவர்தான். அதில் 'சராசரி பலம்' என்ற வார்த்தை முக்கியம். நம்ம ஊருக்கு அட்வைஸ் வந்து சேரும்போது அந்த வார்த்தை காணாமல் போய், 16 மட்டும் நின்றுவிட்டது.

ஒரே பிஎம்ஐ, வேற வேற உடம்பு

"நான் ஒல்லியும் இல்லை, குண்டும் இல்லை, அப்போ நான் சராசரிதானே?" என்று கேட்கலாம். இங்கேதான் இந்திய உடம்பு கொஞ்சம் ஏமாற்றும்.

புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004-ல் 'லான்செட்' இதழில் தங்களையே ஒப்பிட்டு ஒரு சின்னக் குறிப்பு எழுதினார்கள். இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றுதான்: 22.3. ஆனால் யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். எடைமெஷினில் ஒரே மாதிரி தெரியும் இரண்டு பேரில், ஒருவரிடம் தசை அதிகம், இன்னொருவரிடம் கொழுப்பு அதிகம்.

இருவருக்கும் ஒரே 16 கிலோவைக் கொடுத்தால், ஒருவருக்கு அது வார்ம்-அப், இன்னொருவருக்கு முதுகுவலி.

அப்போ வேண்டாம்னு விட்டுடலாமா?

கூடாது. தசை இந்தியர்களுக்கு அழகுக்கான விஷயம் மட்டும் இல்லை. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை இழுத்துக்கொள்வது தசைதான். 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வை முன்னின்று நடத்தியது சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம். நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக அந்த ஆய்வு மதிப்பிட்டது.

2024-ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்ட இன்னொரு கணக்கு: 2022 நிலவரப்படி இந்தியாவில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் போதுமான அளவு உடலை அசைப்பதில்லை. பெண்களில் இது சுமார் 57 சதவீதம், ஆண்களில் சுமார் 42 சதவீதம்.

அதே நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சியோடு நிறுத்தவில்லை. வாரத்தில் குறைந்தது 2 நாள் தசைக்கான பயிற்சியும் வேண்டும் என்கிறது. வாக்கிங் போகிறவர்கள் பலரும் கோட்டைவிடுவது இந்த இரண்டாவது பாதியைத்தான். சின்ன வீட்டில், குறைந்த செலவில் அதை நிரப்பக்கூடிய பொருள் கெட்டில்பெல். தப்பான எடையில் ஆரம்பித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு விட்டுவிட்டால், நஷ்டம் ஒரு இரும்புக் குண்டின் விலை மட்டும் அல்ல.

முதுகுக்கு நல்லதா, கெட்டதா?

இரண்டு பக்கமும் ஆதாரம் உண்டு. டென்மார்க்கில் கழுத்து, முதுகு வலி அதிகம் வரும் வேலைகளில் இருந்த 40 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது, 2011-ல் வெளியானது. வாரம் 3 முறை, தலா 20 நிமிடம், 8 வாரம் கெட்டில்பெல் பயிற்சி. பயிற்சி செய்தவர்களுக்குக் கழுத்து, தோள், கீழ்முதுகு வலி குறைந்தது. இதயத்தின் ஏரோபிக் திறனில் மட்டும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. 'இது ஒன்றே போதும், வாக்கிங் வேண்டாம்' என்பவர்கள் இந்தக் கடைசி வரியைக் கவனிக்க வேண்டும்.

மறுபக்கம், முதுகெலும்பு ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெக்கில் கனடாவில் 16 கிலோ ஸ்விங்கை அளந்து பார்த்தார் (2012). சாதாரணமாக எடை தூக்கும்போது கீழ்முதுகு எலும்புகள் ஒரு திசையில் வழுக்கப் பார்க்கும். ஸ்விங்கில் அந்த இழுவை எதிர்த்திசையில் வருகிறது. இதனால்தான் சிலருக்கு முதுகு சரியாகிறது, சிலருக்கு மோசமாகிறது என்பது அவருடைய விளக்கம். கனமான மூட்டையை அலட்டாமல் தூக்குகிற ஆளுக்கும் ஸ்விங் ஒத்துக்காமல் போகலாம்.

ஆக, "எனக்கு சூப்பரா வேலை செஞ்சது" என்று ஒருவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். அது உங்களுக்கான உத்தரவாதம் இல்லை.

கர்லாகட்டையின் தம்பியா?

"இது நம்ம கர்லாகட்டைதான், வெள்ளைக்காரன் காப்பியடிச்சுட்டான்" என்ற பேச்சும் உண்டு. அது பாதிதான் சரி. இந்தியாவில் சுற்றிய கட்டைகளை ஆங்கிலேயர்கள் எடுத்துப் போனது உண்மை. 'இந்தியன் கிளப்' என்ற பெயரில் அது 1904, 1932 ஒலிம்பிக்கில் போட்டியாகவே இருந்தது. கெட்டில்பெல்லின் வேர் ரஷ்யச் சந்தை. வேலையும் வேறு: கர்லாகட்டை தோளைச் சுற்ற வைக்கும்; கெட்டில்பெல் ஸ்விங் இடுப்பைப் பின்னால் தள்ளி முன்னால் சொடுக்க வைக்கும்.

ஆனால் நம்ம ஊர் பழக்கத்தில் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. தென்மாவட்டங்களில் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குவார்கள். திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் 100 கிலோவைத் தாண்டிய கல்லும் களத்தில் கிடக்கும். அதோடு எடைவாரியாகச் சின்னக் கற்களும் உண்டு. பெரிய கல்லுக்குப் போகிறவர் சின்னக் கல்லைத் தாண்டித்தான் போகிறார்.

எப்படி ஆரம்பிக்கணும்?

முதல் பாடத்துக்குக் கெட்டில்பெல்லே வேண்டாம். சுவருக்கு முதுகு காட்டி, ஒரு சாண் தள்ளி நில்லுங்கள். முழங்காலை லேசாக மட்டும் மடக்கி, இடுப்பைப் பின்னால் தள்ளிச் சுவரைத் தொடுங்கள். ஒரு மாப் குச்சியை முதுகில் நீளவாக்கில் வைத்தால் பின்தலை, மேல்முதுகு, வால் எலும்பு மூன்றும் குச்சியைத் தொட வேண்டும். குச்சி விலகினால் முதுகு வளைகிறது என்று அர்த்தம். உட்கார்ந்து எழுவது போல முழங்கால் முன்னால் போனாலும் தப்பு.

இது கைவந்த பிறகு எடை. பயிற்சியே இல்லாதவர், ஆணாக இருந்தாலும் 8 அல்லது 12 கிலோவில் ஆரம்பிப்பதில் வெட்கம் இல்லை. பெண்கள் 4 அல்லது 6 கிலோவில் பழகி, 8-க்கு வரலாம். ஏற்கெனவே ஜிம்மில் டெட்லிஃப்ட் செய்பவருக்கு 16 சுலபமாகவே இருக்கும்.

முதல் 2, 3 வாரம் தரையிலிருந்து தூக்கி வைக்கும் டெட்லிஃப்ட் மட்டும். அப்புறம் ஸ்விங்: 10 முறை, ஓய்வு, மறுபடி 10. கை வெறும் கயிறு மாதிரி. குண்டை மேலே அனுப்புவது இடுப்பு. தோள் வலித்தால் கையால் தூக்குகிறீர்கள். கீழ்முதுகு வலித்தால் நிறுத்திவிடுங்கள்.

வாங்கும்போது கைப்பிடியைத் தடவிப் பாருங்கள். வார்ப்பு விளிம்பு துருத்திக்கொண்டு இருந்தால் உள்ளங்கை கிழியும். மெத்தென்ற ரன்னிங் ஷூவைவிட வெறுங்கால் மேல். மாடி வீடு என்றால் கீழே ஒரு ரப்பர் மேட். கீழ்வீட்டு அக்கா சண்டைக்கு வராமல் இருக்கவும் அது உதவும்.

யார் சொல்றதைக் கேட்கலாம்?

டாக்டருக்குப் பதிவு எண் கட்டாயம். ஜிம் மாஸ்டருக்கு அப்படி எதுவும் கட்டாயம் இல்லை. அதனால் சோதிக்கும் வேலை நம்முடையது. அட்வைஸ் தருகிறவர் எடையைச் சொல்வதற்கு முன் மூன்று விஷயம் கேட்கிறாரா பாருங்கள்: பழைய முதுகுவலி, ஹெர்னியா ஏதாவது இருக்கா? பிபி, சுகர் இருக்கா? குனிஞ்சு நிமிர்றதை ஒரு தடவை காட்டுறீங்களா?

பிபி, இதயப் பிரச்சினை, டிஸ்க் தொந்தரவு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முதலில் டாக்டரிடம் பேசிவிட வேண்டும். பயிற்சியில் மூச்சை அடக்கக் கூடாது. நெஞ்சு வலித்தாலோ, கால் மரத்துப்போனாலோ, அடுத்த நாள் சிறுநீர் கோலா நிறத்தில் போனாலோ, 'பழகினா சரியாயிடும்' என்று யார் சொன்னாலும் கேட்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வயதாகிவிட்டதே என்று தயங்கவும் வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 59 முதல் 79 வயது வரை உள்ள, அதிகம் உடற்பயிற்சி செய்யாதவர்களுக்கு மேற்பார்வையோடு கெட்டில்பெல் சொல்லிக்கொடுத்தார்கள். 3 மாதத்தில் அவர்களுடைய பிடிபலம் கூடியது. அங்கே முக்கியமாக இருந்தது, பக்கத்தில் நின்று பார்த்து, ஆளுக்கு ஏற்ற மாதிரி எடையை ஏற்றிய பயிற்சியாளர். குண்டின் மேல் எழுதியிருக்கும் எண் அந்த வேலையைச் செய்யாது.